இரண்டாம் படி

புஷேரில் அரக்கு இறுகாது.
நண்பகலில் முத்திரை குத்தினால்
மாலைக்குள் கம்பெனிச் சிங்கம் தவளையாகிவிடும்.
ஆகவே விடியலுக்கு முன்
கிணற்றுநீரில் நனைத்த பித்தளையால்
கடிதங்களை மூடுவேன்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி.
ஒன்று பம்பாய் போய், ஆப்பிரிக்க முனை சுற்றிக் கப்பலில்;
மற்றது பஸ்ரா, பாலை, அலெப்போ என்று ஒட்டகத்தில்.
ஒன்று மூழ்கும். ஒன்று கொள்ளை போகும்.
சில சமயம் இரண்டும் பிழைத்து
ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வரும்,
ஐந்து மாத இடைவெளியில்,
பின்னது முன்னதை மறுத்து.

டாக்டர் பெங்கெல்லி சொல்வார், நான் எழுதுவேன்.
தரங்கம்பாடிப் பாதிரிமார் பிரம்பால் திருத்திய கை.
பாக்கியநாதன் நீளமாக இருக்கிறதென்று
நேதன் என்று கூப்பிட்டார்.
பிரிஸ்டலில் கடற்பாசி சேர்க்கும் மிஸ் ஆர்டெல்,
கோபன்ஹேகனில் எலும்பு சேர்க்கும் பேராசிரியர் ஸ்கோவ்கோர்:
முகம் தெரியாது, ஆனால்
எந்த வரியில் கோபப்பட்டார்கள் என்று தெரியும்,
மை அங்கே தடித்திருக்கும்.

கல்ஃபானின் வலையில் அது வந்த நாள்
நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தவன் நான்.
ஒன்பதடி இரண்டங்குலம்.
துடுப்புக்கடியில் இரண்டு முலை.
வயிற்றில் மென்ற புல் ஒரு கூடை, இன்னும் பச்சையாக;
அதில் ஒரு பிடி மிஸ் ஆர்டெலுக்கு.
மூன்று ரியாலுக்குத் தலையை மட்டும் வாங்கினார் டாக்டர்.
உடலைக் கல்ஃபானின் மச்சான்கள்
அன்றிரவே சுட்டுத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு.

"இங்குள்ளோர் இதை பகர் அல் பஹர் என்பர்,
கடலின் பசு" என்றார் டாக்டர்.
முதல் படியில் அப்படியே எழுதினேன்.
இரண்டாம் படியில்,
விளக்கில் எண்ணெய் தீரும் நேரம்,
பார்த்தால் ஆவுளியா என்று இருந்தது.
கை தவறியது என்றே இன்றும் சொல்வேன்.
அடித்துத் திருப்பி எழுதத் தாள் இல்லை என்றும் சொல்வேன்.
தாள் இருந்தது.

கோடையில் பேதி வந்தது.
பதினொரு மணிக்குத் தண்ணீர் கேட்டவர்
நான்கு மணிக்குக் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் மாதம் பதில் வந்தது,
கத்தியால் குத்திய ஆறு துளையோடு,
புகையும் காடியும் நாறிக்கொண்டு.
ஏலத்துக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தேன்:
பூட்ஸ் இரண்டு ஜோடி, உருப்பெருக்கி ஒன்று,
வைக்கோலில் மண்டையோடு ஒன்று.
இறந்தவருக்கு வந்ததைப் பிரிப்பதும்
எழுத்தனின் வேலைதானே.

"அன்பரே,
தாங்கள் குறித்த பெயரை
எங்கள் அரபிப் பேராசிரியர் மூன்று வாரம் தேடினார்.
ஔலியா, அதாவது இறைநேசர்கள், என்பதன் திரிபாம்.
ஆக, அம்மக்கள் இவ்விலங்கைப் புனிதராய்க் கருதுகிறார்கள்.
தொழுவதுண்டா? எந்தத் திசை நோக்கி?
கட்டுரை அச்சில் இருக்கிறது."

ஒட்டகம் பிழைத்திருக்கிறது. கப்பல் போய்விட்டது.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.
கல்ஃபானின் மச்சான் எலும்பை உறிஞ்சிய சத்தம்
காதில் கேட்டது.

தாள் எடுத்தேன்.
"ஐயா, கடிதம் சொன்னவர் இறந்துவிட்டார்.
அந்தச் சொல் அவருடையதல்ல, இந்தக் கடலுடையதுமல்ல.
எங்கள் கரைக் கடலில் சொல்வது.
ஆ என்றால் எங்கள் மொழியிலும் பசுதான்.
இங்கே யாரும் அதைத் தொழுவதில்லை.
உப்புப் போட்டுத் தின்கிறார்கள்."

அடியில் பெயர் போடவேண்டிய இடம்.
இருநூறு கடிதம் எழுதிய கைக்கு
அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.
நேதன் என்று ஆரம்பித்து, நிறுத்தி,
ஓரத்தில் மை சோதிப்பதுபோல்
பாக்கியநாதன், பாக்கியநாதன் என்று
தமிழில் கிறுக்கிப் பார்த்தேன்.

வாசலில் கல்ஃபான்.
கழுதை வண்டியில், ஈரச்சாக்கு மூடி, இன்னொன்று.
இது குட்டி என்றான்.
டாக்டர் இல்லையென்றால் நீ வாங்குவாயா என்றான்.

அரக்கு இன்னும் இறுகவில்லை.
நாடாவை எடுத்துக்கொண்டு
வெயிலுக்குள் இறங்கினேன்.